நூற்றில் ஒன்று: வலசைப் பட்டாம்பூச்சிகளும் தில்லியின் எருக்கும்

அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1992இல் தொடங்கிய ‘மோனார்க் வாட்ச்’ திட்டத்தில், ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மோனார்க் பட்டாம்பூச்சிகளை வலைபோட்டுப் பிடிக்கிறார்கள். பின்சிறகின் அடிப்புறத்தில் ஒரு சின்ன வட்டச் சீட்டை ஒட்டிப் பறக்கவிடுகிறார்கள். சீட்டின் எடை சுமார் 10 மில்லிகிராம், பூச்சியின் எடை அரை கிராம். ஒவ்வொரு சீட்டிலும் தனி எண் உண்டு. 1998 முதல் 2015 வரை இப்படி ஒட்டப்பட்டவை ஏறக்குறைய 14 லட்சம்; மெக்சிகோவின் குளிர்கால மலைகளில் திரும்பக் கிடைத்தவை 14 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சி ஆய்வில் இது வியக்கத்தக்க விகிதம். நம் நாட்டில் பட்டாம்பூச்சி வலசை பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ‘நாமும் டேக் ஒட்டலாமே’ என்ற யோசனை கூடவே வருவதற்கு இந்த வெற்றிதான் காரணம். ஆனால் அந்த ஒன்று எப்படிக் கிடைத்தது என்று கேட்காமல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் கைக்கு எதுவும் மிஞ்சாது. இந்தியாவில், குறிப்பாகத் தில்லி போன்ற வட இந்திய நகரத்தில், பட்டாம்பூச்சியின் போக்குவரத்தை அறிய முதலில் வேண்டியது ஓரிடத்தில் நின்று தேதிவாரியாக எடுக்கும் எண்ணிக்கை. சீட்டின் முறை அதற்குப் பிறகுதான் வரும். இதற்கான சான்றுகள் மோனார்க்கின் கதையிலேயே தொடங்குகின்றன.

கனடாவின் டொரான்டோவில் ஃப்ரெட் அர்கார்ட், நோரா அர்கார்ட் தம்பதியர் மோனார்க்கின் குளிர்கால இருப்பிடத்தைப் பல பத்தாண்டுகள் தேடினார்கள். முதலில் ஒட்டிய காகிதச் சீட்டுகள் மழையில் உதிர்ந்தன. பிறகு, கடைகளில் பொருள்மேல் ஒட்டும் விலைச்சீட்டின் பசையைக் கையாண்டு, முன்சிறகின் மேல்விளிம்பில் மடித்து ஒட்டும் முறைக்கு வந்தார்கள். 1952இல் தன்னார்வலர்களைத் திரட்டத் தொடங்கினார்கள். வழியில் ஆங்காங்கே கிடைத்த சீட்டுகளை வரைபடத்தில் குறித்தபோது பயணம் தென்மேற்காக, டெக்சாஸ் வழியே மெக்சிகோவை நோக்கிப் போவது தெரிந்தது. அதற்குமேல் சீட்டுகள் பேசவில்லை. நோரா மெக்சிகோ நாளிதழ்களுக்கு எழுதி உதவி கேட்டார். அதைப் படித்து முன்வந்த கென்னத் பிரகரும், மிசோவகான் பகுதியில் பிறந்த கத்தலீனா அகுவாடோவும் மலையூர்களில் விசாரித்து அலைந்து, 1975 ஜனவரியில் செர்ரோ பெலோன் மலைக்காட்டை அடைந்தார்கள். மறு ஆண்டு அர்கார்ட் அங்கே போனபோது, மின்னசோட்டா மாநிலத்துச் சாஸ்கா ஊரில் ஓர் ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒட்டிய சீட்டுடன் ஒரு மோனார்க்கைக் கண்டார். அந்த மலைவாசிகளுக்கு இந்தப் பூச்சிக்கூட்டம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததுதான். நவம்பர் தொடக்கத்தில், இறந்தோரை நினைவுகூரும் பண்டிகையை ஒட்டி அவை வந்து சேரும். ஆக, திசையைச் சொன்னது சீட்டு; இடத்தைச் சொன்னது உள்ளூர்க்காரர் அறிவு; இரண்டும் ஒரே கதைதான் என்று உறுதிசெய்தது மறுபடியும் சீட்டு. இந்த வரிசை பலசமயம் மறக்கப்படுகிறது.

நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்குக் காரணம் பூச்சியின் விசித்திரமான குளிர்காலம். ராக்கி மலைகளுக்குக் கிழக்கே வாழும் மோனார்க்குகளில் பெரும்பகுதி, கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், ஒயாமெல் என்னும் ஊசியிலை மரக்காட்டின் சில ஏக்கர்களில் வந்து ஒடுங்குகிறது. அவற்றின் தொகையைத் தலையெண்ணி அளப்பதில்லை. மரங்களில் அவை மொய்த்திருக்கும் காட்டுப் பரப்பை ஹெக்டேரில் அளக்கிறார்கள். 1996–97 குளிர்காலத்தில் அது 18.19 ஹெக்டேர். 2013–14இல் 0.67 ஹெக்டேராகச் சுருங்கியது, 2024–25இல் 1.79. ஒரு கண்டத்தின் பூச்சிகள் ஒரு கிராமத்து ஏரியின் பரப்புக்குள் அடங்கிவிடுகின்றன என்றால், தேடுகிறவனுக்கு வேலை பாதி முடிந்தது. அங்குள்ள விவசாயச் சமூகத்தினரும் வழிகாட்டிகளும் தரையில் செத்துக் கிடப்பவற்றில் சீட்டுள்ளதைப் பொறுக்கி வைத்திருக்க, திட்டக்காரர்கள் விலைகொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள். சீட்டு ஒட்டுவது ஒரு முனை. அதைப் பொறுக்குவது மறுமுனை. மறுமுனை இத்தனை குறுகலாக இருப்பதால்தான் முதல் முனையின் உழைப்புக்குப் பலன் உண்டு. அந்தப் பலன் சிறியதுமல்ல. குளிர்காலத் தொகை சரிவதற்குப் பயணத்தில் நேரும் சாவு காரணமா, கோடைக்காலத்தில் முட்டையிடும் வயல்வெளிகளில் எருக்குக் குடும்பச் செடிகள் அழிந்தது காரணமா என்ற நெடுநாள் வழக்கில், 2020இல் சிப் டெய்லரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வு இந்தச் சீட்டுக் கணக்கைத்தான் சாட்சிக்கு அழைத்தது. வந்து சேரும் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து சரியவில்லை. ஆகவே பழி பயணத்தின்மேல் விழாது, செடிகள் அழிந்ததன்மேல்தான் விழும் என்பது அவர்கள் முடிவு. முதலில் சீட்டு ஒட்டியபோது யாரும் எழுப்பாத கேள்விக்கு, சேர்த்து வைத்த கணக்கு விடை தந்தது.

இனி நம் பக்கம். தென்னிந்தியாவில் மோனார்க்கின் நெருங்கிய உறவினர்கள் வலசை போகின்றன: கருநீல வரியன், நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன், இரட்டைவரிக் கருப்பன். எல்லாம் எருக்குக் குடும்பத்தைச் சார்ந்த அதே பட்டாம்பூச்சிக் கூட்டம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாக்குவதற்கு முன்னால், ஏப்ரல் தொடங்கி ஜூன் வரை, அவை மலையை விட்டுக் கிழக்கே சமவெளிக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் வருகின்றன. அங்கே இனப்பெருக்கம் நடக்கிறது. பிறகு அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அடுத்த தலைமுறை மேற்கே மலைக்குத் திரும்புகிறது. தொலைவு 350 முதல் 500 கிலோமீட்டர். மோனார்க்கின் நான்காயிரம் கிலோமீட்டருக்கு முன்னால் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இரண்டு பருவமழைகளுக்கு நடுவே நாள் குறித்துப் போய்வரும் இந்தப் பயணத்துக்கு உலகில் வேறு இணை அதிகமில்லை. கோவை, சேலம், ஏற்காடு பக்கத்தில் இருப்பவர்களுக்கு மின்கம்பிக்கும் பேருந்துக்கும் இடையே கருநீலமாய் மிதந்துபோகும் இந்தக் கூட்டம் பழக்கமானது. சூரியனை ஆராய்ந்து புகழ்பெற்ற கோடைக்கானல் ஆய்வகத்தின் ஜான் எவர்ஷெட், தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்த நேரங்களில் இவற்றைக் கவனித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1910இல் எழுதினார். அவருடைய குறிப்புகளையும் இலங்கையிலிருந்து கிடைத்த குறிப்புகளையும் திரட்டி, பூச்சி வலசை ஆய்வின் முன்னோடியான சி.பி.வில்லியம்ஸ் 1927இல் தென்னிந்திய, இலங்கைப் பட்டாம்பூச்சி வலசை பற்றிய முதல் விரிவான கட்டுரையை எழுதினார். 2005இல் கிருஷ்ணமேக் குண்டே இனவாரியான சேர்க்கை, ஆண்பெண் விகிதம், பறக்கும் திசை ஆகியவற்றைப் பதிவுசெய்தார். 2018இல் வைஷாலி பௌமிக்கும் அவரும் சேர்ந்து, வலசைப் பெண்பூச்சிகள் முட்டை உற்பத்தியைத் தள்ளிவைத்து உடலின் சத்தைப் பறத்தலுக்குத் திருப்பிவிடுவதைக் காட்டினார்கள்.

நூறாண்டுக்கு மேலான இந்த அறிவில் சிறகில் ஒட்டிய சீட்டுக்கு ஏறக்குறைய வேலையே இருந்ததில்லை. தேதி, திசை, இனம், பாலினம், வயிற்றில் முட்டை இருக்கிறதா என்ற ஐந்து விஷயங்களை வைத்துத்தான் மொத்தக் கதையும் கட்டப்பட்டது. சீட்டு ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மேற்குத் தொடர்ச்சி மலையில் இவை ஈரமான பள்ளத்தாக்குகளில் திரளாக ஒதுங்குவது உண்டு. ஆனால் அத்தகைய ஒதுங்கிடங்கள் நீலகிரியிலிருந்து அகத்தியமலை வரையிலும் நீலகிரிக்கு வடக்கேயும் பரவிக்கிடக்கின்றன. சில ஹெக்டேருக்குள் அடங்குவதில்லை. ஆண்டுதோறும் அதே மரத்தடியில் சீட்டைப் பொறுக்கக் காத்திருப்பவரும் இல்லை. சேர்வராயன் மலையடிவாரத்தில் ஆயிரம் பூச்சிகளுக்குச் சீட்டு ஒட்டிவிட்டு, எந்தக் காட்டில் போய்த் தேடுவது? நூற்றில் ஒன்று என்ற விகிதம் இங்கே பத்தாயிரத்தில் ஒன்றாகக்கூட வாராமல் போகலாம். அப்படி ஒன்று கிடைத்தாலும் அது செய்தித்தாளுக்கு ஒரு பெட்டிச் செய்தியாகும், ஆய்வுக்குச் சான்றாகாது. சரணாலயக் காடுகளில் பூச்சியைப் பிடிப்பதற்கு வனத்துறையின் முன்அனுமதி வேண்டும் என்ற நடைமுறை வேறு இருக்கிறது. அதைத் தடை என்று குறைசொல்லத் தோன்றவில்லை. அனுபவமில்லாத கைகளில் நூற்றுக்கணக்கான சிறகுகள் கசங்குவதைவிட அது மேல்.

கண்ணும் நாட்காட்டியும் மட்டும் எத்தனை தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இந்தியப் பெருங்கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. வலசை ஆய்வில் எனக்கு மிக அழகாகத் தோன்றுவது அதுதான். மழைவிட்ட மாலைகளில் நம் வயல்களுக்கும் மைதானங்களுக்கும் மேலே கூட்டமாகச் சுற்றும் மஞ்சள் தட்டானை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மாலத்தீவில் வசித்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், ஆண்டுதோறும் அக்டோபரில் அந்தத் தட்டான்கள் தீவுகளில் திடீரென்று தோன்றுவதைக் கவனித்தார். தட்டான் முட்டையிட நன்னீர் வேண்டும். மாலத்தீவின் பவளத்தீவுகளில் தேங்கிய நன்னீர் இல்லையென்றே சொல்லலாம். பிறகு ஏன் வருகின்றன? அவர் வந்துசேரும் தேதிகளை ஆண்டுக்கணக்கில் எழுதிவைத்தார். தென்னிந்தியா, மாலத்தீவு, செய்செல்சு, கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய இடங்களில் அவை தோன்றும் காலங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். தேதிகள் வடக்கிலிருந்து தெற்காக, பிறகு மேற்காக, பருவக்காற்றின் போக்கிலேயே நகர்ந்தன. கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் பூச்சிப் பயணம் ஒன்று இருக்கவேண்டும் என்று 2009இல் எழுதினார். ஒரு தட்டானுக்கும் அவர் சீட்டு ஒட்டவில்லை. 2012இல் கீத் ஹாப்சனும் ஆண்டர்சனும் மற்றவர்களும் மாலத்தீவுத் தட்டான்களின் சிறகில் உள்ள ஹைட்ரஜன் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தார்கள். மழைநீரின் கன ஹைட்ரஜன் அளவு இடத்துக்கு இடம் மாறும். தட்டானின் இளம்புழு வளர்ந்த குட்டையின் முத்திரை அதன் சிறகில் அப்படியே தங்கிவிடும். அந்த முத்திரை சுட்டியது தென்னிந்தியாவை அல்ல. இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியையும் அதற்கு அப்பாலையும். அதாவது, தில்லிச் சுற்றுவட்டாரத்தின் மழைக்குட்டைகளும் அந்த நெடும்பயணத்தின் தொடக்கப்புள்ளிகளுக்குள் அடங்கும் சாத்தியம் உண்டு. ஆய்வகக் கருவி வந்தது இரண்டாம் கட்டத்தில். எங்கே, எப்போது அளக்கவேண்டும் என்று அதற்குச் சொன்னது தேதிக்குறிப்பு.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும்; அதை ஒதுக்கிவிட முடியாது. ஜப்பானில் அசாகிமதாரா என்னும் பட்டாம்பூச்சி உண்டு. இதே இனம் நம் இமயமலைச் சாரலிலும் பறக்கிறது. மோனார்க்கைப் போல் ஒரே மலையில் போய் ஒடுங்கும் வழக்கம் அதற்கு இல்லை. ஆனாலும் ஜப்பானியர்கள் 1980களிலிருந்து அதன் சிறகில் பேனாவால் இடம், தேதி, அடையாளக் குறி எழுதிவிட்டு, பல தீவுகளைத் தாண்டி மீட்டிருக்கிறார்கள். 2011இல் வாகயாமா பகுதியில் குறியிடப்பட்ட ஒன்று எண்பது நாளுக்கு மேல் கழித்து ஹாங்காங்கில் அகப்பட்டது. தூரம் ஏறக்குறைய 2,500 கிலோமீட்டர். மறுமுனை குறுகலாக இல்லாமலே குறியீடு பலித்திருக்கிறதே என்று கேட்டால், பலித்தது உண்மை. எப்படிப் பலித்தது என்று பார்த்தால் வாதம் வேறு திசையில் திரும்புகிறது. அங்கே ஓய்வுபெற்றவர்களும் பள்ளி மாணவர்களும் ஊர்ச் சங்கத்தாரும் பருவம் தவறாமல் அதே பூஞ்செடிக்கருகே ஆண்டுதோறும் நிற்கிறார்கள். குறுகிய மறுமுனையின் வேலையை நெருக்கமாக நிற்கும் கண்கள் செய்கின்றன. தைவானில் மாவோலின் பள்ளத்தாக்குக்கு வந்து குளிர்காலம் கழிக்கும் ஊதாக் கருப்பன்களின் கதையும் இதுவே. அவை நம் வெண்புள்ளிக் கருப்பனின் பேரினத்தைச் சேர்ந்தவை. அவை வடக்கே திரும்பும் நாள்களைத் தன்னார்வலர்கள் ஆண்டுக்கணக்கில் எண்ணிவைத்ததால்தான், 2007 முதல் யூன்லின் பகுதியில் நெடுஞ்சாலையின் ஒரு தடத்தை அந்த நாள்களில் மூடவும் ஓரத்தில் வலைகட்டிப் பூச்சிகளை மேலே பறக்கவைக்கவும் முடிந்தது. ஆகையால் ஜப்பானும் தைவானும் நான் சொல்வதை மறுக்கவில்லை; வரிசையைத்தான் உறுதிப்படுத்துகின்றன. கவனிப்போர் வலை முதலில் விரிந்தது. குறியீடு அதன்மேல் ஏறியது. கவனிப்பவரே இல்லாத ஊரில் பேனாக்குறியைப் படிக்க ஆள் ஏது?

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: கண் பொய்சொல்லும். ஐரோப்பாவில் அது நடந்தே இருக்கிறது. பெயின்டட் லேடி என்ற பட்டாம்பூச்சி வசந்தத்தில் வட ஆப்பிரிக்காவிலிருந்து பிரிட்டன்வரை வருவதை எல்லோரும் பார்த்தார்கள்; இலையுதிர் காலத்தில் அது திரும்பிப்போவதைப் பார்த்தவர் அரிது. வடக்கே வந்து அப்படியே செத்தொழியும் பயணம் என்று பலர் நம்பினார்கள். 2009இல் பெரும்படையாக அது வந்தபோது, மேல்நோக்கிய ரேடார்கள் விடை சொல்லின: இலையுதிர் காலத்தில் அவை தரைக்கு மேலே பல நூறு மீட்டர் உயரத்தில், சாதகமான காற்றைப் பிடித்து, தெற்கே போய்க்கொண்டிருந்தன. தரையில் நிற்பவர் கண்ணுக்கு அவை தட்டுப்பட வழியே இல்லை. 2024இல் ஜெரார்ட் தலவேரா குழுவினர் இதே இனத்தின் சிலவற்றைத் தென்னமெரிக்காவின் பிரெஞ்சு கயானா கடற்கரையில் கண்டதை ஆராய்ந்து, சிறகின் ஐசோடோப்பு, உடலில் ஒட்டிய மகரந்தம், காற்றின் தடம் மூன்றையும் சேர்த்து, மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக்கைக் கடந்தவை என்று காட்டினார்கள். குறைந்தது 4,200 கிலோமீட்டர். மோனார்க்கின் முதுகில் 60 மில்லிகிராம் எடையுள்ள, சூரிய ஒளியில் இயங்கும் ரேடியோக் கருவி ஒட்டும் அளவுக்கு நுட்பம் வளர்ந்துவிட்டது. இத்தனை இருக்க, கையில் நோட்டுடன் நிற்பவருக்கு என்ன வேலை? என் பதில், இவை ஒன்றுக்கொன்று மாற்று இல்லை என்பது. கயானா கடற்கரையில் அந்தப் பூச்சிகளை முதலில் கண்டதும் ஒரு மனிதக் கண்தான். அங்கே வழக்கமாக இல்லாத இனம் என்பது தெரிந்திருந்ததால்தான் அது கண்ணில் தைத்தது. வழக்கம் எது என்று தெரியாத இடத்தில் விதிவிலக்கு எதுவும் தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்து ‘திரும்பவில்லை’ என்று முடிவுகட்டுவது தவறு என்ற எச்சரிக்கையை முழுமனத்துடன் ஏற்கவேண்டும். தில்லி பற்றிப் பேசும்போது அது உடனே தேவைப்படும்.

தில்லியில் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான இடம் ஒன்றைச் சுட்டச் சொன்னால் கோல் மார்க்கெட்டைச் சுட்டலாம். 1921இல் கட்டிய பன்னிரண்டு பக்கச் சந்தைக் கட்டடம், அதைச் சுற்றி அரசு ஊழியர் குடியிருப்புகள், மேற்கே பிர்லா மந்திரும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியும் உள்ள மந்திர் மார்க், அதைத் தாண்டினால் ரிட்ஜ் எனப்படும் முகட்டுக்காடு. குஜராத்திலிருந்து ராஜஸ்தான் வழியாக ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஓடிவரும் ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி நுனி இது. முகட்டில் சீமைக் கருவேலம் ஆக்கிரமித்திருக்கிறது. ஆனால் பாறை இடுக்கிலும், இடிந்த சுவரோரத்திலும், காலி மனைகளிலும் எருக்கு யாரும் நடாமலே வளர்கிறது. தமிழ்நாட்டில் நாம் அதிகம் காணும் பெரிய எருக்கு அல்ல இது. ஊதாநுனிப் பூக்கொண்ட வறண்டநில எருக்கு, இந்திக்காரர் ஆக் என்பது. விநாயகர் சதுர்த்திக்கு எருக்கமாலை கட்டத் தில்லித் தமிழர்கள் தேடுவதும் இதைத்தான். அதே வாரங்களில் இலையின் அடிப்புறத்தில் கறுப்பு, மஞ்சள், வெள்ளை வளையமிட்ட புழுக்கள் மேய்ந்துகொண்டிருக்கும். மோனார்க்கின் பேரினத்தைச் சேர்ந்த வெந்தய வரியனின் புழுக்கள் அவை. எருக்கின் நஞ்சை உடலில் சேர்த்துவைத்துப் பறவையிடமிருந்து தப்பும் தந்திரம் இரண்டுக்கும் பொது. மழைக்காலத்தின் பின்பகுதியிலிருந்து நீல வரியனும் தில்லியில் கண்ணில் படும். தில்லிப் பட்டாம்பூச்சிகளுக்கு ஜூலியன் டானஹ்யூ 1966இல் ஒரு விளக்கப் பட்டியல் தந்தார். டார்பென் லார்சன் 2002இல் இன்னொன்று. இரண்டும் அருமையானவை, ஆனால் எது உண்டு என்று சொல்லும் பட்டியல்கள். எந்த வாரத்தில் எத்தனை, எந்தப் பக்கம் பறந்தது என்பது வேறு வகைக் கணக்கு.

வெந்தய வரியன் ஆண்டு முழுவதும் தில்லியில் இருக்கும் உள்ளூர்க்காரன், அதற்கு வலசை ஏது என்று ஒருவர் கேட்கலாம். ஆப்பிரிக்காவிலும் மத்தியதரைக் கடலோரத்திலும் அதே இனம் பருவத்துக்கு இடம்பெயர்வது நன்கு அறிந்தது. ஓரிடத்தில் எப்போதும் பூச்சி இருக்கிறது என்பதால் அதே பூச்சிகள்தாம் இருக்கின்றன என்று ஆகாது. ரயில் நிலையத்தில் எந்நேரமும் கூட்டம் இருப்பதுபோல, வருவோரும் போவோரும் மாறிக்கொண்டே இருக்கலாம். வெயில் நாள்களில் முட்டை மூன்று வாரத்துக்குள் பட்டாம்பூச்சியாகிவிடும். உள்ளூரில் பிறந்தவை மட்டுமே என்றால் எண்ணிக்கை அந்த அலையின் தாளத்தில் ஏறியிறங்க வேண்டும், அதற்கு முன்னால் எருக்கில் புழுக்கள் பெருகியிருக்க வேண்டும். புழு பெருகாமலே பூச்சி திடீரென்று பெருகினால் வெளியாரின் வருகையைச் சந்தேகிக்கலாம். ஆகவே செடியில் உள்ள புழுவையும் காற்றில் உள்ள பூச்சியையும் ஒரே நாளில் எண்ணவேண்டும்; சிறகுச் சீட்டு இந்த வேறுபாட்டைச் சொல்லாது. எண்ணுகிறவருக்கு ஒரு பொறியும் உண்டு: வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்த டனாய்டு எக்ஃப்ளை என்ற பட்டாம்பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே வேடமிட்டுத் திரியும். பறக்கும்போது பிரித்தறியத் தேர்ந்த கண்ணும் தடுமாறும். ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதுவதுதான் நேர்மை.

படம்பிடித்து ஏற்றும் இணையத் தளங்கள் இருக்கும்போது இப்படி நின்று எண்ணுவது பழங்காலத்து வேலை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. இந்தியப் பட்டாம்பூச்சிகளுக்கென்றே அப்படியொரு நல்ல தளம் உண்டு. 2020 முதல் செப்டம்பரைப் ‘பெரும் பட்டாம்பூச்சி மாதம்’ என்று நாடெங்கும் கொண்டாடுகிறார்கள். இனங்களின் பரவலை அறிய இவை செய்த உதவி பெரியது. வலசைக்கு மட்டும் இவை போதா. ஞாயிற்றுக்கிழமை படங்கள் மலைபோல் குவியும், செவ்வாய்க்கிழமை வெறுமை. அரிய பூச்சி பத்து முறை ஏறும். கண்ணெதிரே நூறு வெந்தய வரியன் பறந்தால் யாரும் நூறு படம் எடுக்கமாட்டார்கள். முக்கியமாக, நின்றேன், ஒன்றும் வரவில்லை என்ற தகவலைப் படமெடுத்து ஏற்ற வழியில்லை. வலசையின் தொடக்கமும் முடிவும் அந்தச் சுழியங்களில்தான் இருக்கின்றன. தில்லியில் பருவமழை விலகும் சராசரித் தேதி செப்டம்பர் 25. நாம் அறிய விரும்பும் நகர்வு ஏதேனும் இருந்தால் அது அதற்கடுத்த ஆறேழு வாரங்களில் நடக்கும். கொண்டாட்ட மாதம் அப்போது முடிந்திருக்கும். பிரிட்டனில் எர்னி பொல்லார்ட் வகுத்து 1976இல் தேசிய அளவில் தொடங்கிய முறை இதற்குத் தோதானது. ஒரே பாதை, வாரம் ஒருமுறை, நிலையான வேகம், இருபக்கமும் இரண்டரை மீட்டருக்குள்ளும் முன்னே ஐந்து மீட்டருக்குள்ளும் தெரிவது மட்டும் கணக்கில். வலசைக்கு அத்துடன் ஒரு நிலையான கோட்டைக் குறுக்கே கடப்பவற்றின் திசையையும், அந்நேரத்துக் காற்றையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்வளவும் வைத்துத் தீர்க்கக்கூடிய கேள்வி ஒன்று தில்லிக்கென்றே இருக்கிறது. மழையின் பின்னால் வடக்கே வந்து பெருகும் நீல வரியன், குளிர் தொடங்கும்போது தெற்கே திரும்புகிறதா, அல்லது இங்கேயே அழிந்து அடுத்த மழையில் புதிதாக வருகிறதா? ஐரோப்பாவின் பெயின்டட் லேடிக்கு ரேடார் வரும்வரை நிலவிய அதே ஐயம். திரும்புகிறதென்றால் சில விளைவுகளை முன்கூட்டியே சொல்லலாம்: அக்டோபரிலும் நவம்பர் முற்பகுதியிலும் முகட்டோரத்தில் ஒரு கோட்டைக் கடப்பவற்றில் தெற்கும் தென்மேற்கும் பார்த்துப் பறப்பவை, எதிர்ப்பக்கம் போவதைவிடத் தெளிவாக அதிகம் இருக்கவேண்டும். அந்நாள்களில் வழக்கமான வடமேற்குக் காற்று அவற்றைத் தென்கிழக்கே தள்ளும். அதையும் மீறித் தென்மேற்கே போனால் சான்று இன்னும் கெட்டி. தென்னிந்தியப் பெண்பூச்சிகள் காட்டியதுபோல, அந்த வாரங்களில் கலவியும் முட்டையிடுதலும் குறையவேண்டும். ஆரவல்லியில் தெற்கே, ஜெய்ப்பூர், உதயப்பூர் பக்கத்தில் இதேபோல் எண்ணுபவர்கள் இருந்தால், உச்ச எண்ணிக்கை அங்கே சில நாள் பிந்தி வரவேண்டும். இவற்றில் எதுவும் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து தென்படவில்லை என்றால் தரையோரத் திரும்பல் என்ற கருத்தைக் கைவிட்டு, உயரப் பறத்தலுக்கு ரேடாரையும், பிறந்த இடத்துக்கு ஐசோடோப்பையும் கேட்கலாம். திசை தெளிவாகத் தெரிந்து, தெற்கே எண்ணுகிற ஆள்களும் நிலைபெற்ற பிறகு, சிறகில் எண் எழுதுவதற்குப் பொருள் உண்டு. அப்போது அந்த எண்ணைப் படிக்க உதயப்பூரில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.